படுத்துக்கொண்டு வரும் பனி

நீலகிரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் ஆறு வாரத் தரவைப் பாழாக்கினேன். அது 2016 டிசம்பர். சோலைக்காடும் புல்வெளியும் பிரிகிற விளிம்பில் எவ்வளவு குளிர்கிறது என்று பார்க்கும் ஆய்வு. வெப்பநிலையைப் பதியும் சின்னக் கருவிகளைக் கம்பு நட்டுக் கட்ட வேண்டும், மாதம் ஒருமுறை போய்த் தரவை இறக்க வேண்டும். என் வேலை அவ்வளவுதான். வானிலை நிலையங்களில் தெர்மாமீட்டர் நெஞ்சு உயரத்தில் இருக்கும் என்று படித்திருந்ததால் நானும் நெஞ்சு உயரத்திலேயே கட்டினேன்.

கணினியில் போட்டுப் பார்த்தால் ஒரு ராத்திரிகூடப் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கவில்லை. ஆனால் அதே வாரங்களில் காலை ஆறரை மணிக்குப் புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டிவைத்தது போலக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். பூட்ஸுக்கு அடியில் புல் நொறுங்கும். கருவி பழுது என்று முடிவுகட்டி, மாற்றுக் கருவி கேட்டுக் கடிதமும் எழுதத் தொடங்கிவிட்டேன்.

எங்களோடு களத்துக்கு வரும் அண்ணன் ஒருவர் உண்டு. பக்கத்து ஹட்டிக்காரர் (ஹட்டி என்றால் படுகர் ஊர்), என்னைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் என்னை "சார்" என்றுதான் கூப்பிடுவார். கம்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சார், பனி நின்னுக்கிட்டு வராது. படுத்துக்கிட்டுத்தான் வரும். கீழ கட்டுங்க."

புல் உயரத்துக்கு இறக்கிக் கட்டினோம். அந்த வாரமே மைனஸ் நான்கு காட்டியது.

அவர் சொன்னதற்குப் பின்னால் இருக்கிற இயற்பியல் எனக்குத் தெரியாததல்ல. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீர் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டைவிடப் பள்ளத்தில் பனி கடுமை. தேர்வில் இதை எழுதி மார்க் வாங்கியவன்தான் நான். கம்பு கட்டும்போது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

ஊட்டிக்காரர்களுக்கு இதில் தனிச் சொற்களே உண்டு. நவம்பரில் முதலில் விழுவது நீர்ப்பனி. புல்லை நனைத்துவிட்டுப் போய்விடும். அப்புறம் டிசம்பர், ஜனவரியில் உறைபனி. தேயிலையைக் கருக்குவது இதுதான். தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளுக்கு மேல் மிலார் தழையைப் போட்டு மூடிவைப்பார்கள். பஞ்சுப் பொதியா போர்த்துகிறார்கள், இந்தத் தழை என்ன தாங்கும் என்று முதலில் நினைத்தேன். தழை ஒன்றும் சூடு கொடுப்பதில்லை. தரையின் சூடு நேராக வானத்துக்குப் போகாமல் நடுவில் நிற்கிறது, காலை வெயில் உறைந்த இலைமேல் சுள்ளென்று விழாமலும் தடுக்கிறது. செடிக்குச் சேதம் இரவில் பாதி என்றால், விடிந்ததும் அந்த வெயிலில் மீதி.

சோலைக்காடு தன் பிள்ளைகளுக்குச் செய்வதும் இதேதான். சுமார் 1,700 மீட்டருக்கு மேல், மலை மடிப்புகளில் ஓடையை ஒட்டித் திட்டுத் திட்டாக நிற்கும் குட்டை மரக்காடு அது. நாவல் இனங்கள், காட்டு இலவங்கம், பாசி போர்த்திய கிளைகள். உள்ளே போனால் இருட்டும் ஈரமும். வெளியே ஓரடி வைத்தால் வெறும் புல். வேலி போட்டது போல அப்படி ஒரு விளிம்பு. சோலை மரத்தின் விதை புல்வெளியில் விழாமல் இல்லை. முளைக்கவும் செய்யும். ஜனவரி தாண்டாது, அவ்வளவுதான். நாங்கள் புல்லில் நட்ட சோலைக் கன்றுகள் ஒவ்வொன்றாகக் கருகின. இருபதடி தள்ளி மரநிழலில் நட்டவை பெரும்பாலும் பிழைத்தன. காட்டுப்பூவரசு மட்டும் விதிவிலக்கு. அந்தச் சிவப்புப் பூ ரோடோடென்ட்ரான் பனியையும் தீயையும் தாங்கிப் புல்வெளி நடுவே தனியாக நிற்கும்.

இந்த விளிம்பு என்றைக்கும் இதே இடத்தில் இருந்ததா? இல்லை. இங்குள்ள சதுப்புகளில் முற்றாக மக்காத தாவரம் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கிறது. புல்லும் மரமும் காற்றிலிருந்து கரியை, அதாவது கார்பனைச் சேர்க்கும் விதம் வேறு என்பதால், அந்தக் கரியைப் பார்த்தே எந்தக் காலத்தில் எதன் கை ஓங்கியிருந்தது என்று சொல்லலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் சகாக்களும் 1993-ல் நேச்சர் இதழில் இதைத்தான் எழுதினார்கள். பனியுகத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், வறட்சியும் குளிருமாக இருந்தபோது வறட்சி தாங்கும் புல் பரவியிருந்தது. பின்னர் மழை பலத்தபோது தராசு மறுபக்கம் சாய்ந்தது. புல்வெளி என்பது மனிதன் காட்டை அழித்ததால் வந்த பொட்டல் என்று நம்பிக்கொண்டிருந்த பலருக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்தி. காட்டிலாகாவில் அந்த நம்பிக்கை நெடுநாள் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் குறிப்புகளிலும் அது உண்டு.

சரி, அப்படியானால் பூமி சூடாகிறபோது, இரவுகளின் கடுமை குறைகிறபோது, சோலை புல்வெளிக்குள் நுழைந்து வர வேண்டும். அதைப் பார்க்கத்தான் ஆசையோடு காத்திருந்தேன். புல்வெளியில் அளந்து பிரித்த சில நிலக் கட்டங்களைச் சுற்றி, மேலே திறந்த கண்ணாடிக்கூண்டு போன்ற தடுப்பு வைத்து, உள்ளே ஓரிரு டிகிரி கூடுதலாகச் சூடாக்கியும் பார்த்தோம்.

வந்தது சோலை அல்ல, சீகை.

சீகைக்காய் அல்ல; ஆங்கிலத்தில் வாட்டில் என்பார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த மரம். சுதந்திரத்துக்குப் பிறகு, தோல் பதனிட அதன் பட்டை வேண்டும் என்று புல்வெளிகளில் வரிசை வரிசையாக நட்டார்கள். கற்பூர மரமும் (யூகலிப்டஸைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள்) பைனும் கூடவே வந்தன. பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு, மரத் தோட்டங்களாலும் விவசாயத்தாலும் நாற்பதாண்டுகளில் போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு 2018-ல் வந்தது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் இன்னும் உற்சாகமாக முளைக்கும். அதன் கன்று சோலைக் கன்றைவிட நன்றாகவே பனி தாங்கும். பனியின் கடுமையும் குறைந்துவிட்டால் கேட்க வேண்டுமா? நீலகிரியில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வொன்றும் இதையே சொன்னது: காடும் புல்லும் பக்கத்துப் பக்கத்தில் நிலைத்திருப்பது உறைபனியால், அயல் மரமும் வெப்ப உயர்வும் சேர்ந்தால் அந்தச் சமநிலை குலையலாம்.

அதுவரை என் மனத்தில் இருந்த படம், வெப்பம் ஏற ஏறக் காடு மெதுவாக மலை ஏறும் என்பதுதான். உலகின் பல மலைகளில் அது நடக்கிறது. இங்கே ஏறுவதற்கு மலையே மிச்சமில்லை. தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அதற்கு மேல் வானம். வரையாடும் புல்வெளிக் குருவிகளும் எங்கே போகும்? இதைச் சொன்னால் ஊட்டிக்கு வரும் நண்பர்கள் சீகைக் காட்டைக் காட்டி, "பச்சையாத்தானே இருக்கு" என்பார்கள். முதலில் விளக்குவேன். இப்போதெல்லாம் டீ சாப்பிடக் கூட்டிப் போய்விடுகிறேன்.

குளிர் மட்டும்தான் கணக்கு என்றும் சொல்ல முடியாது. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. எங்கள் கட்டங்களில் இரண்டு சேற்றோடு போயின. மூன்று ஆண்டுக் கணக்கு, அரை மணி நேரச் சரிவு.

கடைசியாக ஒரு குழப்பம். அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. பழைய சீகைத் தோட்டம் ஒன்றில், மரங்கள் நன்றாக வளர்ந்து நிழல் கட்டிய இடத்தில், கன்று எண்ணிக்கொண்டிருந்தோம். என் கையில் இருந்த தாளில் மூன்றே கட்டம்: சோலை, புல்வெளி, சீகை. அண்ணன் குனிந்து சருகை விலக்கினார். நாவல் கன்றுகள், நாலைந்து. முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டிருந்தன. பனி பட்ட தடமே இல்லை. பக்கத்தில் காட்டு இலவங்கம் ஒன்று. இலையைக் கசக்கி மோந்து பார்த்தார். சீகையின் நிழல் மிலார்த் தழை போல அவற்றைக் காப்பாற்றியிருந்தது. அறுபது எழுபது வருடங்களுக்கு முன் அந்த இடம் வெறும் புல்வெளி. அடுத்த மாதம் அந்தத் தோட்டத்துச் சீகையை வெட்டப்போவதாகப் பேச்சு இருந்தது. புல்வெளியை மீட்க வேண்டும் என்று நானும் அதற்கு ஆதரவாக எழுதிக் கொடுத்திருந்தேன்.

"இதை எந்தக் கட்டத்துல எழுதறது சார்?" என்றார் அண்ணன்.

பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்தேன்.