பாதி ஜன்னல்

ஆர்ட் டிபார்ட்மென்ட்டில் உதவியாளராகச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு குறும்படத்துக்கு எதிர்கால அரசு அலுவலகம் ஒன்றை செட் போட வேண்டியிருந்தது. கொடுங்கோல் ஆட்சி, ஆனால் பார்த்தால் சிரிப்பும் வர வேண்டும். வெள்ளைச் சுவர், கண்ணாடி, நீல விளக்கு என்று வரைந்து கொண்டுபோனேன். “செல்போன் ஷோரூம் மாதிரி இருக்குப்பா” என்றார் சார். அப்புறம், டெர்ரி கில்லியம் 1985இல் எடுத்த ‘பிரேசில்’ படத்தைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

ஒரே வாரத்தில் மூன்று தடவை பார்த்தேன். எதிர்காலம் என்று சொல்ல அதில் ஒரு பொருள்கூட இல்லை. கணினிக்கு டைப்ரைட்டர் சாவிகள். திரையோ துக்கடா, அதைப் பெரிதாக்கிக் காட்ட முன்னால் ஒரு பூதக்கண்ணாடி. வீடு முழுக்கக் குழாய்கள். லண்டனின் அழகான பழைய வீடுகளில் சுவர் வேலைப்பாட்டை உடைத்துக் கழிவுநீர்க் குழாய் இறக்கியிருந்ததைப் பார்த்து கில்லியமுக்கு வந்த யோசனை அது. வேல்ஸில் போர்ட் டால்பட் என்ற எஃகு ஆலை ஊர், அங்கே கரி படிந்து கறுத்த கடற்கரை. படத்துக்கான முதல் பொறியே அதுதான். சித்திரவதைக் கூடத்தை குராய்டன் மின்நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரத்துக்குள் எடுத்திருக்கிறார்கள். சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் 1925ஆம் வருடப் படமான ‘பேட்டில்ஷிப் பொட்டெம்கின்’இல், சிப்பாய்கள் ஜனங்களைச் சுடும்போது ஒடெஸா படிக்கட்டில் குழந்தையின் தள்ளுவண்டி உருளும். இங்கே உருள்வது வேக்யூம் கிளீனர். சிரித்து முடிப்பதற்குள் வயிற்றைப் பிசைந்தது.

என்னைப் பிடித்து உட்காரவைத்தது ஒரு மேஜை. நாயகனுக்குக் கிடைக்கும் புது அறை ஒடுக்கமானது. மேஜையின் மறுபாதி சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த அறைக்காரரிடம். அவர் இழுக்க, இவர் இழுக்க, காகிதமெல்லாம் சரிகிறது. நிறுத்தி நிறுத்தி வரைந்துகொண்டிருந்தபோது சட்டென்று நினைவு வந்தது. அப்பாவின் பென்ஷனுக்காக நான் அலைந்த ஓர் அலுவலகத்தில் பிளைவுட் தடுப்பு ஒன்று ஜன்னலின் நடுவிலேயே வந்து முட்டியிருக்கும். ஒரு கதவு இவருக்கு, மற்றது அவருக்கு. ஆறேழு தடவை அதன் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருநாளும் எனக்கு விசித்திரமாகப் படவில்லை.

பழைய படங்களைச் சுருட்டி வைத்துவிட்டு அந்த ஜன்னலை வரைந்தேன். சார் ஒன்றும் பேசாமல் தாளை கார்பென்டர் அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தடுப்பு ஜன்னல்ல இடிக்குதே, தம்பி. தள்ளிப் போட்டுறவா?”

“வேண்டாம்ணே, இடிக்கட்டும்” என்றேன்.