மூன்றாம் நம்பர் பிராசிக்யூட்டர்

பெரிய லா ஃபர்மில் சேரும் புது வக்கீலை முதல் சில வருஷத்துக்குக் கோர்ட் படியேற விட மாட்டார்கள். ஆவணங்களைப் புரட்டவும் மெமோ எழுதவுமே நேரம் சரியாக இருக்கும். அமெரிக்காவில் கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) பிராசிக்யூட்டர், அதாவது குற்ற வழக்கை அரசுத் தரப்பில் நடத்துகிற வக்கீல் வேலை இதற்கு நேர் தலைகீழ். வக்கீல் உரிமத்துக்கான பார் தேர்வு முடிவு வந்து, உறுதிமொழி எடுத்த சூட்டோடு ஒரு கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்தி, கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கில் கேஸ்களைத் திறந்து காட்டி, இதெல்லாம் இனி உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். டெக்சஸில், ஹூஸ்டன் வட்டாரத்தில் ஒரு கவுன்ட்டியில் அசிஸ்டென்ட் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னியாக நான் சேர்ந்தது அப்படித்தான். இந்த வேலைக்கு வரலாமா என்று நம் பிள்ளைகள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

ஊரில் கேட்டால் அரசு வக்கீல் என்று சொல்லிவிடுவேன், ஆனால் அது பாதிதான் சரி. தமிழ்நாட்டில் போலீஸ் புலன் விசாரணை முடித்து குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும், அரசு வழக்கறிஞர் அந்த வழக்கை நடத்துவார். இங்கே டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி (சுருக்கமாக டி.ஏ.) என்கிற தலைமை பிராசிக்யூட்டர் நாலு வருஷத்துக்கு ஒருமுறை தேர்தலில் நின்று, கட்சிப் பெயரோடு ஓட்டுக் கேட்டு ஜெயித்து வருகிறவர். நாங்கள் அவருடைய ஆட்கள். சிறு குற்றங்களில் வழக்குப் போடுவதா வேண்டாமா, போட்டால் எந்தப் பிரிவில், என்ன தண்டனைக்கு இறங்கி வருவது, எப்போது கைவிடுவது என்று எல்லாமே எங்கள் மேஜையிலிருந்துதான் தொடங்கும். கைவிட நீதிபதியின் கையெழுத்து வேண்டும், ஆனால் மனு எழுதுவது நாங்கள்.

எங்கள் கோர்ட்டில் மூன்று பிராசிக்யூட்டர்கள். சீஃப் ஒருவர், இரண்டாம் நம்பர் ஒருவர், அப்புறம் மூன்றாம் நம்பர். அது நான். மிஸ்டிமீனர் கோர்ட், அதாவது சிறு குற்றங்களுக்கான கோர்ட் என்றால் ஏதோ அபராதம் கட்டிவிட்டுப் போகிற இடம் என்று நினைக்க வேண்டாம். டெக்சஸில் கிளாஸ் பி என்றால் 180 நாள் வரை ஜெயில், 2,000 டாலர் வரை அபராதம். கிளாஸ் ஏ என்றால் ஒரு வருஷம், 4,000 டாலர். குடித்துவிட்டு வண்டி ஓட்டியது, கடையில் திருடியது, வீட்டுக்குள் கைநீட்டியது, அத்துமீறி நுழைந்தது என்று வந்துகொண்டே இருக்கும். காலையில் டாக்கெட், அதாவது அன்றைய கேஸ் பட்டியலைக் கூப்பிட ஆரம்பித்தால் எதிர்த்தரப்பு வக்கீல்கள் எங்கள் மேஜைக்கு முன்னால் வரிசை கட்டி நிற்பார்கள். "என் ஆளுக்கு என்ன ஆஃபர்?" இதுதான் அந்த அறையில் அதிகம் கேட்கிற கேள்வி. சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல் என்பது அமெரிக்க வக்கீல்களுக்கும் தெரியும். ஜூரி வரை போகிற கேஸ் ரொம்பக் கொஞ்சம். மற்றதெல்லாம் பேசித்தான் முடியும், இல்லையென்றால் வாய்தா.

சட்டக் கல்லூரியில் மூன்று வருஷம் சாட்சியச் சட்டம், அரசியல் சாசனம், மேல்முறையீடு என்று எல்லாம் படித்தாகிவிட்டது. எந்தக் கேஸை விடுவது என்பதற்கு மட்டும் ஒரு வகுப்பும் இல்லை. இந்த வேலையின் முக்கால்வாசி அதுதான். அனுபவம் குறைந்த ஆளிடம்தான் எண்ணிக்கையில் அதிகமான கேஸ் இருக்கிறது என்பது இந்த அமைப்பின் வேடிக்கை, எனக்கு அது சரியான ஏற்பாடாக இன்றும் தோன்றவில்லை.

ஒரு கேஸ் சொல்கிறேன். பெரிய கடை ஒன்றில் குழந்தைக்குப் பால்பவுடர், டயப்பர், கூடவே ஒரு லிப்ஸ்டிக் எடுத்துக்கொண்டு பணம் கட்டாமல் வெளியே வந்த ஒரு பெண். மொத்தம் 104 டாலர். டெக்சஸில் திருட்டு 100 டாலருக்குக் கீழே இருந்தால் கிளாஸ் சி, அபராதத்தோடு போய்விடும், எங்கள் கோர்ட்டுக்கே வராது. நூறைத் தொட்டுவிட்டால் கிளாஸ் பி, ஜெயில் வாய்ப்பு. அந்த லிப்ஸ்டிக்கைக் கழித்துவிட்டுக் கூட்டினால் நூறுக்குக் கீழே. அந்தப் பெண் கிரீன் கார்டில் இருப்பவர், முன்பு எந்த வழக்கும் கிடையாது. எங்களிடம் இந்த மாதிரி கேஸுக்கு வழக்கமாகக் கொடுக்கிற ஆஃபர், டிஃபர்ட் அட்ஜுடிகேஷன். குற்றத்தை ஒப்புக்கொண்டு கொஞ்ச காலம் ஒழுங்காக இருந்தால் தண்டனை பதிவாகாது. டெக்சஸ் கணக்கில் இது சலுகை. ஆனால் ஒப்புக்கொண்டதாலேயே, மத்திய குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் இதுவும் தண்டனைதான், பின்னாளில் குடியுரிமை கேட்கப் போனால் வந்து நிற்கும். 2010-ல் படில்லா வழக்கில், நாடுகடத்தல் ஆபத்து பற்றிக் கட்சிக்காரரிடம் சொல்ல வேண்டியது எதிர்த்தரப்பு வக்கீலின் கடமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிராசிக்யூட்டரும் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி, எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சீஃபிடம் போய்ப் பேசி, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே முடிக்கிற டைவர்ஷனுக்கு மாற்றினேன். கடைக்குப் பணம் கட்டி, ஒரு வகுப்புக்குப் போய் வந்தார், கேஸ் தள்ளுபடி. சீஃப் ஒன்றுதான் கேட்டார்: "அடுத்த ஆள் கிரீன் கார்டு இல்லாமல் இங்கேயே பிறந்தவராக இருந்தால் இதே ஆஃபர் கொடுப்பாயா?" நல்ல கேள்வி. கொடுக்கத்தான் வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.

வீட்டு வன்முறை கேஸ்கள் வேறு ரகம். சம்பவத்துக்கு மறுவாரமே அடிபட்ட பெண் போன் செய்வார், கேஸ் வேண்டாம் என்பார். வழக்கை நடத்த விருப்பமில்லை என்று அஃபிடவிட்டும் கொடுப்பார். அவர் கொடுத்தாலும் கேஸ் தானாக விழாது, ஏனென்றால் வழக்கு நடத்துவது டெக்சஸ் மாநிலம், அவர் சாட்சி மட்டும்தான். இதை நான் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் இடைமறித்துக் கேட்டார்: "அவன்தான் வாடகை கட்டுகிறான். அவன் ஜெயிலுக்குப் போனால் நீங்கள் வந்து கட்டுவீர்களா?" என்ன பதில் சொல்வது?

அவர் சாட்சி சொல்ல வரவில்லை என்றால் கையில் என்ன மிஞ்சும் என்று பார்க்க வேண்டும். கிராஃபோர்ட் வழக்குத் தீர்ப்பு 2004-ல் வந்தபின், குறுக்கு விசாரணைக்கு வராதவர் விசாரணையில் போலீஸிடம் சொன்னதைப் பெரும்பாலும் ஜூரி முன் வைக்க முடியாது. ஆனால் ஆபத்து நடந்துகொண்டிருக்கும்போது 911 என்கிற அவசர உதவி எண்ணுக்குப் போன் செய்து உதவி கேட்டுக் கதறியதை வைக்கலாம், அது 2006-ல் டேவிஸ் வழக்கில் வந்த வழி. அதனால் அந்தப் பதிவை ஹெட்போன் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்போம்: எந்த வார்த்தை வரை ஆபத்து, எந்த வார்த்தையிலிருந்து விசாரணை என்று. பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்கும், யாரோ கதவைத் தட்டுவார்கள், ஆபரேட்டர் நிதானமாக முகவரி கேட்பார். பதிவும் போட்டோவும் மட்டுமே கேஸைத் தாங்கும் என்றால் அவர் கேட்டதற்காக மட்டும் நான் விட மாட்டேன். தாங்காது என்றால், சாட்சியைப் பிடித்துக்கொண்டு வரச் செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது, அதை அடிவாங்கிய பெண் மேலேயே பிரயோகிக்கிற பிராசிக்யூட்டரைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

குடித்துவிட்டு ஓட்டிய கேஸ்களுக்கு ஒரே ஒரு யோசனை. ரிப்போர்ட்டை நம்பி ஆஃபர் கொடுக்காதீர்கள், வீடியோவைப் பாருங்கள். நேர்கோட்டில் ஒன்பது காலடி எடுத்து வைத்துப் போய், திரும்பி ஒன்பது காலடி வரச் சொல்லும் சோதனையில் "தள்ளாடினார், கோட்டை விட்டு விலகினார்" என்று எழுதியிருந்த கேஸ் ஒன்று. வீடியோவில் பார்த்தால் ரோட்டோரச் சரளைக் கல், லேசான சரிவு, அந்தப் பெண் காலில் ஹீல்ஸ், கோடு என்று ஒன்றே கிடையாது. ரத்தப் பரிசோதனை முடிவும் எங்களுக்குச் சாதகமாக இல்லை. கேஸை விட்டேன். அந்த போலீஸ் அதிகாரி தாழ்வாரத்தில் என்னைப் பார்த்தும் பார்க்காதது போலப் போனார். சில வாரம் கழித்து வேறு கேஸில் சாட்சி சொல்ல வந்தபோது பேச்சு சரியாகிவிட்டது. போலீஸோடு தினமும் வேலை, ஆனால் போலீஸுக்கு வக்கீல் இல்லை என்பதைப் புதிதாகச் சேருகிறவர்கள் ஆரம்பத்திலேயே காட்டிவிடுவது நல்லது, பின்னால் காட்டினால் இன்னும் கஷ்டம்.

டெக்சஸில் பிராசிக்யூட்டராக வருகிற யாருக்கும் மைக்கேல் மார்ட்டன் பெயர் தெரியாமல் இருக்காது. மனைவியைக் கொன்றதாக 1987-ல் வில்லியம்சன் கவுன்ட்டியில் தண்டிக்கப்பட்டவர், டி.என்.ஏ. சோதனையில் வேறொருவன் சிக்கி 2011-ல் வெளியே வந்தார். கொலை நடந்தபோது அப்பா வீட்டில் இல்லை என்று அவருடைய மூன்று வயது மகன் பாட்டியிடம் சொன்னது போலீஸ் ஃபைலிலேயே இருந்தது, எதிர்த்தரப்புக்குப் போகவில்லை. அந்த வழக்கை நடத்திய பிராசிக்யூட்டர் பிற்பாடு நீதிபதியானவர். 2013-ல் அவருக்குப் பத்து நாள் ஜெயில் விதித்தார்கள், வக்கீல் உரிமமும் போனது. இந்த வழக்கின் விளைவாக வந்த மைக்கேல் மார்ட்டன் சட்டம் 2014 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கிறது, எங்கள் ஃபைல் எதிர்த்தரப்புக்குக் கிட்டத்தட்டத் திறந்த புத்தகம். எதைக் கொடுத்தோம் என்று பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குவது மூன்றாம் நம்பரின் தினசரி வேலை. அலுப்பான வேலைதான், சலித்துக்கொள்ளவும் செய்வோம். பத்து நாளும் கால் நூற்றாண்டும் ஒன்றா என்கிற கேள்வி மட்டும் எனக்குப் போகவில்லை.

இனி நம்மவர்கள் விஷயம். ஹூஸ்டன் பக்கத்தில் பேர்லண்ட் மீனாட்சி கோயிலில் பிரசாத வரிசையில் நிற்கும்போது ஒரு அங்கிள் மெதுவாகப் பக்கத்தில் வந்து, "ஏம்மா, நீ டி.ஏ. ஆபீஸ்ல தானே இருக்க? நம்ம பையன் மேல ஒரு சின்ன கேஸ்..." என்று ஆரம்பிப்பார். அங்கிள், மேற்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாதீர்கள், நான் எதிர்க்கட்சி, நீங்கள் சொல்வது பையனுக்கே பாதகமாகலாம், நல்ல வக்கீலாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுச் சாம்பார் சாதத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவேன். தெரிந்தவர் கேஸ் என்று மறுநாள் ஆபீஸில் எழுதிக் கொடுத்து, அந்த ஃபைலை என் கண்ணில் படாமல் செய்துகொள்வேன். சிலருக்கு வருத்தம், கர்வம் பிடித்தவள் என்கிறார்கள். என்ன செய்ய.

சரி, வேலைக்கு முயற்சி செய்கிறவர்களுக்கு. நேர்காணலில் அனேகமாக இப்படி ஒரு கேள்வி வரும்: விசாரணை தொடங்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது உங்கள் போலீஸ் சாட்சி, ரிப்போர்ட்டில் ஒரு விஷயம் தவறாக எழுதிவிட்டேன் என்கிறார், என்ன செய்வீர்கள்? உடனே எதிர்த்தரப்பு வக்கீலிடம் சொல்வேன் என்பது முதல் வாக்கியமாக வர வேண்டும். அதற்கு முன்னால் ஒரு "ஆனால்" வந்தால் எதிரே இருப்பவர் பேனாவை மூடிவிடுவார். சம்பளத்தைத் தனியார் கம்பெனியோடு ஒப்பிட்டு மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். படிப்புக் கடன் மத்திய அரசுக் கடனாக இருந்தால், அரசு வேலையில் இருந்தபடி 120 தவணை கட்டினால் மிச்சத்தைத் தள்ளுபடி செய்யும் திட்டம் இருக்கிறது, முதல் நாளிலிருந்தே காகிதங்களைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும்போதே மேற்பார்வையில் கோர்ட்டில் நிற்க டெக்சஸில் மாணவர்களுக்கு அனுமதி அட்டை தருகிறார்கள், அதை வாங்கி ஒரு டி.ஏ. ஆபீஸில் இன்டர்ன்ஷிப் செய்துவிடுங்கள், எந்த மார்க்கையும்விட அது பேசும். கோட் இரண்டு போதும். ஷூ மட்டும் நல்லதாக வாங்கிக்கொள்ளுங்கள், டாக்கெட் நாட்களில் உட்கார நேரம் இருக்காது.