மண்ணிறப் பம்ப்: வெள்ளவத்தையிலிருந்து ஒரு நாட்குறிப்பு

ஒக்டோபர் 28

அதிகாலை 2 மணிக்கு, ஆஸ்துமா உள்ள மகளின் இருமல் என்னை எழுப்பியது. 7 வயதுப் பிள்ளை படுக்க மறுத்து, என் தோளைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்தே இருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு இடையிலான தோல் உள்ளே இழுபட்டது. "தண்ணி" என்ற ஒரு சொல்லுக்கே அவளுக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. நீலப் பம்பை, மருந்தை மூச்சோடு இழுக்க உதவும் பிளாஸ்டிக் குழாயான ஸ்பேசரில் பொருத்தி 6 தடவை கொடுத்து, 20 நிமிடம் பார்த்தும் முட்டு (மூச்சுத்திணறல்) இறங்கவில்லை. அம்புலன்சுக்கு 1990 என்ற எண்ணை அழைத்தோம். காலி வீதி வெறிச்சோடிக் கிடந்ததால் சுவசெரிய வண்டி பொரளைச் சிறுவர் வைத்தியசாலைக்கு விரைவாகவே போய்ச் சேர்ந்தது.

ஒக்டோபர் 29

"மண்ணிறப் பம்ப் ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா?" என்று டொக்டர் கேட்டார். ஆடியிலிருந்து முட்டு வராததால் ஆவணியில் நானே நிறுத்திவிட்டேன் என்று சொல்ல நேர்ந்தது. சொல்லும்போது ஒக்சிசன் மாஸ்க்கோடு கிடந்த மகளின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நீலப் பம்பிலுள்ள சல்பியூட்டமோல், சுவாசக் குழாய்களைச் சுற்றி இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். ஆனால் நான்கைந்து மணித்தியாலத்தில் அதன் வேலை முடிந்துவிடும், குழாயின் உட்சுவர் வீக்கத்தை அது தொடுவதுமில்லை. அந்த வீக்கத்தை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக அடக்கிவைப்பது மண்ணிறப் பம்பிலுள்ள பெக்லோமெதசோன். பிள்ளை சுகமாக இருக்கிறாள் என்று நான் நிறுத்திய மருந்துதான் அவளைச் சுகமாக வைத்திருந்திருக்கிறது.

ஒக்டோபர் 31

வீடு திரும்பினோம். வார்ட்டை விட்டு வருமுன் தாதி ஒருவர் என்னைப் பம்ப் கொடுத்துக் காட்டச் சொன்னார். நான் இரண்டு தடவையைச் சேர்த்து அழுத்தினேன். ஒவ்வொரு தடவைக்கும் முன் குலுக்கி, ஒருமுறை மட்டும் அழுத்தி, பிள்ளை சாதாரணமாக ஐந்து மூச்சு இழுத்து விட்ட பிறகே அடுத்ததைக் கொடுக்கவேண்டும் என்று அவர் பொறுமையாகச் செய்துகாட்டினார். கழுவிய ஸ்பேசரைத் துவாயால் துடைத்துவந்ததும் பிழை: துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின் உண்டாகி, மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். இன்றிரவு மருந்து கொடுத்தபின் சவர்க்கார நீரில் கழுவி, துடைக்காமல் குசினி யன்னலோரம் வைத்திருக்கிறேன். இந்த மழை ஈரத்தில் காய விடிந்துவிடும்.

நவம்பர் 5

அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. "பம்புக்குப் பழகினால் பிறகு விடேலாது, பிள்ளை" என்கிறார். இந்தப் பயத்தை நம் வீடுகளில் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். ஆவணியில் என் கையைத் தடுத்ததும் பாதி இதுதான். கடதாசியில் கணக்குப் போட்டுக் காட்டினேன். வருத்தத்தின்போது விழுங்கக் கொடுத்த பிரெட்னிசொலோன் குளிசை நாளொன்றுக்கு 20 மில்லிகிராம். பம்பில் காலையும் இரவும் சேர்த்து 200 மைக்ரோகிராம். எடையில் ஒரு நாள் குளிசை 100 நாள் பம்புக்குச் சமம். இரண்டும் ஒரே மருந்தல்ல, என்றாலும் இரண்டும் வீக்கத்தை அடக்கும் ஸ்டீரொயிட் வகையே. குளிசை உடம்பெல்லாம் சுற்றுகிறது, பம்ப் மருந்து சுவாசப்பைக்கே நேராகப் போகிறது. அம்மா ஒன்றும் சொல்லாமல் கடதாசியை மடித்துச் சாமி அறையில் வைத்தார்.

நவம்பர் 9

புகை பிள்ளைக்கு ஆகாதென்று நுளம்புத்திரியை நிறுத்திவிட்டோம். டெங்குப் பயம் இருப்பதால் கட்டிலுக்கு வலை கட்டியாயிற்று. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி வேண்டாம் என்று அம்மாவே சொன்னார்.

நவம்பர் 14

வீட்டுக்கு வந்து கழிந்த 14 இரவுகளில் இரண்டில் மட்டுமே இருமல் எழுப்பியது. பம்ப் இப்போது பல் தூரிகைக்குப் பக்கத்தில் இருக்கிறது; வாயில் வெண்படலம் பிடிக்காதிருக்க, மருந்து எடுத்ததும் பல் தீட்டிக் கொப்பளித்துத் துப்புகிறாள். ஒக்டோபர் 30 காலை வார்ட்டில் தொடங்கிய புதுப் பம்பில் 200 தடவைக்கு மருந்து உண்டு. நாளுக்கு 4 என்றால் டிசம்பர் 18 இரவோடு முடியும். கலண்டரில் 16ஆம் திகதிக் கட்டத்துக்குள் மகள் மண்ணிறப் பென்சிலால் "பம்ப் வாங்கு" என்று எழுதினாள்.