ஏ-நம்பர் முதல் பாண்ட் ரசீது வரை: அமெரிக்கக் குடியேற்றக் காவலில் ஒருவர் சிக்கினால்

ஐஸ் (ICE, அமெரிக்கக் குடியேற்ற அமலாக்கத் துறை) ஆட்கள் கூட்டிப்போய்விட்டார்கள் என்று போன் வந்ததும் எல்லோரும் வக்கீலைத் தேடி ஓடுவார்கள். வக்கீல் கேட்கும் முதல் கேள்வியே ஏ-நம்பர் என்ன என்பதுதான். குடியேற்றத் துறை ஒருவரின் கோப்புக்குத் தரும் எண் அது; 'ஏ' என்ற எழுத்தும் 9 இலக்கமும் கொண்டது. ஒர்க் பெர்மிட், கிரீன் கார்டுகளில் 'யு.எஸ்.சி.ஐ.எஸ். நம்பர்' என்ற தலைப்பில் இருக்கும். கோர்ட் நோட்டீஸில் மேல் ஓரத்தில் இருக்கும். பழைய தாளில் 8 இலக்கம்தான் என்றால் முன்னால் ஒரு பூஜ்யம் சேர்க்க வேண்டும். இந்த எண்ணை இன்றைக்கே வீட்டில் இன்னொருவர் எழுதி வைத்துக்கொள்ளட்டும். அட்டை அவர் பர்ஸிலும், பர்ஸ் அவரோடு உள்ளேயும் போய்விடுவதுதான் வழக்கம்.

ஐஸின் ஆன்லைன் தேடலில் ஏ-நம்பரோடு பிறந்த நாட்டைக் கொடுத்தால் எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று காட்டும். எண் இல்லாவிட்டால் பெயரைப் போட வேண்டும். அங்கேதான் தமிழ்ப் பெயர்கள் மாட்டிக்கொள்கின்றன. எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் ஆள் கிடைப்பார். அப்பா பெயர் முன்னாலா பின்னாலா, இனிஷியலை விரித்தார்களா, 'ழ'வுக்கு என்ன எழுத்துப் போட்டார்கள் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தவருக்கு முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று ஏறியிருக்கலாம். 'முதல் பெயர் தெரியாது' என்பதன் சுருக்கம் அது. அதையும் போட்டுப் பாருங்கள். இடம் மாற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் எதுவுமே காட்டாது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் இதில் வரவே மாட்டார்கள். தேடலில் ஆள் கிடைக்காதபோது அந்தப் பகுதியின் ஐஸ் அலுவலகத்துக்கு நேராகப் போன் போடுவதுதான் வழி.

ஆள் இன்னும் கவுண்டி ஜெயிலில்தான் இருக்கிறார் என்றால் பெயில் பணத்தோடு ஓடாதீர்கள். உள்ளூர் ஜெயிலில் எடுக்கும் கைரேகை தானாகவே குடியேற்றத் துறைக்கும் போய்ச் சேருகிறது. அங்கிருந்து 'டிடெய்னர்' வந்திருந்தால், உள்ளூர் வழக்கில் விடுதலையாக வேண்டிய நேரத்துக்குப் பிறகும் 48 மணி நேரம் வரை பிடித்துவைக்கச் சொல்லிக் கேட்பார்கள். பெயில் கட்டிய கையோடு அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கும். பணமும் போய், ஆளும் ஐஸிடம் போய், கவுண்டி கோர்ட் தேதிக்கு வர முடியாமல் அங்கேயும் வாரண்ட் விழும். கிரிமினல் வக்கீலும் குடியேற்ற வக்கீலும் ஒரு தடவை பேசிக்கொண்ட பிறகு கட்டலாம். 2025 ஜனவரியில் வந்த லேக்கன் ரைலி சட்டத்துக்குப் பிறகு, அனுமதியில்லாமல் உள்ளே வந்தவர் கடைத் திருட்டுக்குக் கைதானாலோ குற்றம் சாட்டப்பட்டாலோ போதும், தண்டனை ஆகாமலே காவல் கட்டாயமாகிறது.

முதல் இரண்டு நாள் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பிடித்த ஊரிலேயே வைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. நியூ ஜெர்சியில் பிடித்தவர் லூசியானாவிலோ டெக்சாஸிலோ இருப்பார். காவலே சட்டப்படி சரியா என்று கேட்கும் ஹேபியஸ் கார்ப்பஸ் (ஆட்கொணர்வு) மனுவைப் பொதுவாக ஆள் இருக்கும் மாவட்டத்தின் ஃபெடரல் கோர்ட்டில்தான் போட முடியும். விமானம் ஏறுமுன் போட்டுவிட்டால், பிறகு எங்கே மாற்றினாலும் வழக்கு அந்தக் கோர்ட்டை விட்டுப் போகாது. கோர்ட் கட்டணம் 5 டாலர்தான். வக்கீல் கட்டணம் ஆயிரங்களில். உள்ளே இருப்பவரிடம் கையெழுத்து வாங்க முடியாவிட்டால் 'நெக்ஸ்ட் ஃபிரெண்ட்' என்ற முறையில் அவர் சார்பில் மனைவியோ அண்ணனோ போடலாம்.

இந்த மனுவுக்கு இப்போது இவ்வளவு கூட்டம் சேர்ந்ததற்குக் காரணம் 2025 செப்டம்பரில் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் சொன்ன தீர்ப்பு: சோதனையில்லாமல் எல்லை தாண்டி வந்தவர்களுக்குப் பாண்ட் (பணம் கட்டி வெளியே வரும் பிணை) கொடுக்கக் குடியேற்ற நீதிபதிக்கு அதிகாரமில்லை என்றது. ஃபெடரல் கோர்ட்டுகள் இதில் ஒரே குரலில் பேசவில்லை, ஆகவே ஆள் எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்பதே பாதி வழக்கு. விசாவில் வந்து காலம் கடந்து தங்கியவரின் கதை வேறு. அவர் வழக்கம்போல் பாண்ட் கேட்கலாம். எல்லையிலேயே பிடிபட்டவருக்கு வழி இன்னும் குறுகல். தஞ்சக் கோரிக்கையை முதல் நேர்காணலிலேயே தள்ளிவிட்டால் ஹேபியஸில் அதைத் திறக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொன்னது ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில்தான். நம் காதுக்குத் துரைசிங்கம். தீர்ப்பின் எழுத்துக்கூட்டலில் 'ங்' விழுந்துபோயிருக்கிறது.

பாண்டுக்குச் சட்டப்படி குறைந்தபட்சம் 1,500 டாலர்; மேல் வரம்பு கிடையாது. வாடகை ஒப்பந்தம், வரி கட்டிய தாள், பிள்ளைகளின் பள்ளிக் கடிதம், தங்க இடம் தருபவரின் அடையாளமும் கடிதமும் என்று கட்டு தயாராக இருக்கட்டும். கோயிலில் வாங்கும் 'நல்லவர்' என்ற ஒரு வரிக் கடிதம் வெறும் காகிதம்; எத்தனை வருடமாகத் தெரியும், எங்கே, எப்படி என்று இருக்க வேண்டும். பத்து சதவீதம் கட்டி வெளியே எடுப்பதெல்லாம் கிரிமினல் கோர்ட் வழக்கம். இங்கே ஐஸிடம் நேராகக் கட்டும்போது முழுத் தொகையும் வேண்டும், கட்டுபவருக்குச் சட்டபூர்வ அந்தஸ்தும் வேண்டும். வழக்கு முடிந்ததும் பணம் கட்டியவருக்கே திரும்பும். பாண்ட் கட்டியதற்குத் தரும் ஐ-305 ரசீது தொலைந்தால் ஐ-395 படிவத்தில் நோட்டரி கையெழுத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டியவர் வீடு மாறினால் ஐ-333 என்ற முகவரி மாற்றப் படிவம் போட மறக்கக் கூடாது. பாண்ட் ரத்து அறிவிப்பு பழைய முகவரிக்குப் போய்விட்டால் பணம் திரும்பாமல் நிற்கும்.

நமக்கு அரசு செலவில் வக்கீல் வைத்துத் தரமாட்டார்கள். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளரை மட்டும் வைப்பார்கள். சென்னைத் தமிழ்க்காரர் யாழ்ப்பாணத்தவருக்கு மொழிபெயர்க்கும்போது 'இயக்கம்' என்ற ஒரு சொல்லே (யாழ்ப்பாணத்தில் அது ஆயுதப் போராட்ட அமைப்பு) வழக்கைக் கவிழ்க்கலாம். 'இவர் பேசுவது புரியவில்லை' என்று அங்கேயே சொல்லிப் பதிவாக்க வேண்டும். தீர்ப்புக்குப் பிறகு சொன்னால் கேட்க ஆளில்லை. சொந்த நாட்டு அரசுக்குப் பயந்து தஞ்சம் கேட்பவரின் குடும்பம் வக்கீலைக் கேட்காமல் தூதரகத்துக்குப் போக வேண்டாம்.

வீட்டுப்பக்கம் வேலை அதிகம். ரோட்டில் நின்ற காரை இழுத்துப்போயிருப்பார்கள், நாள் வாடகை ஏறும். மீட்க உரிமையாளர் கையெழுத்து கேட்பார்கள். அங்கே பிறந்த பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்க, 16 வயதுக்குள் என்றால், பெற்றோர் இருவர் சம்மதமும் வேண்டும். வர முடியாதவர் டி.எஸ்.-3053 சம்மதப் படிவத்தில் நோட்டரி முன் கையெழுத்திட வேண்டும், உள்ளே நோட்டரி பிடிப்பது பெரும்பாடு. பிடிபடுமுன்னே எடுத்துவிடுவது நல்லது. பள்ளியின் அவசர அட்டையில் மூன்றாவது ஆள் பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 2025 ஜனவரியில் பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டு இடங்களுக்கு இருந்த பாதுகாப்பு வழிகாட்டுதல் நீக்கப்பட்டது. அதிலிருந்து ஒருவர் பிடிபட்டால் தெருவில் நாலு வீட்டார் தடுப்பூசிக்குக்கூடப் பிள்ளையை வெளியே கூட்டிப்போகத் தயங்குகிறார்கள். அந்தப் பிள்ளைகளை யார் பள்ளிக்கு அழைத்துப்போவது என்று முறை போட்டுக்கொள்ளும் தெருக்களும் உண்டு.

வெளியே வந்ததும் முகவரியை ஐஸிடம் சொன்னால் கோர்ட்டுக்குத் தெரியும் என்று நினைக்கிறார்கள். இரண்டும் வேறு துறை. ஈ.ஓ.ஐ.ஆர்.-33 என்ற முகவரி மாற்றப் படிவத்தை 5 வேலை நாளுக்குள் கோர்ட்டுக்கு நாமே போட வேண்டும். இல்லாவிட்டால் நோட்டீஸ் பழைய முகவரிக்கே போகும். வராதவர் இல்லாமலே வெளியேற்ற உத்தரவு எழுதப்படும். தேதி முன்னே பின்னே நகரும், ஆகவே வாரம் ஒருமுறை குடியேற்றக் கோர்ட்டின் தானியங்கித் தகவல் எண்ணான 1-800-898-7180ஐ அழைத்து ஏ-நம்பரை அழுத்திப் பாருங்கள்.