பதினாறு ஜிபி கார்டும் எட்டே எழுத்தும்

ஐப்பசி பிறந்தால் கொடைக்கானலில் மதியத்துக்கு மேல் இடியும் மின்னலும்தான், எங்கள் வீட்டு வராண்டாவில் உட்கார்ந்தாலே பள்ளத்தாக்குப் பக்கம் வெட்டுவது தெரியும். அதைப் படம் பிடிக்க ஆசை. கையில் இருப்பதோ 2008இல் வந்த கேனன் ஏ590. கேனன் கேமராக்களுக்கென்று ஆர்வலர்கள் எழுதிய சிஎச்டிகே என்ற இலவச மென்பொருளைப் போட்டால் எதிரே ஏதாவது மாறியதுமே கேமரா தானாகச் சொடுக்கும் என்றார்கள். கேமராவை இயக்கும் சொந்த மென்பொருளான ஃபர்ம்வேரை அது தொடுவதில்லை, கார்டிலிருந்து மெமரியில் ஏறும், ஆஃப் செய்தால் இறங்கிவிடும். அந்தத் தைரியத்தில்தான் இறங்கினேன்.

முதலில் ஃபர்ம்வேர் எண் தெரிய வேண்டும், ஒவ்வொரு எண்ணுக்கும் சிஎச்டிகே வேறு. வெர்.ரெக் என்று ஒரு வெற்று ஃபைலைக் கார்டில் போடச் சொன்னார்கள். போட்டேன், ஒன்றும் வரவில்லை. பெயருக்குப் பின்னால் விண்டோஸ் சத்தமில்லாமல் டிஎக்ஸ்டி ஒட்டியிருந்தது. அதை எடுத்தபின் 1.01பி என்று காட்டியது.

அப்புறம்தான் வினையே. இந்த வயதுக் கேமராக்களில் சிஎச்டிகே ஏற (பூட் ஆக) வேண்டுமென்றால், ஃபேட்16 என்ற பழைய முறையில் ஃபார்மட் செய்த பார்டிஷனிலிருந்து (கார்டின் ஒரு பகுதி) மட்டும்தான் முடியும், அது 4 ஜிபிக்கு மேல் போகாது. என் கார்டு 16 ஜிபி. எனவே முன்னால் சின்னதாக ஒரு ஃபேட்16, மீதி முழுக்கப் பெரிய அளவுக்கும் ஆகிற ஃபேட்32. சின்னதில் சிஎச்டிகேயை ஏற்றிவிடும் டிஸ்க்பூட்.பின் ஃபைல், பெரியதில் சிஎச்டிகே ஃபோல்டரும் படங்களும். என் பழைய விண்டோஸ் 7 கார்டில் முதல் பார்டிஷனைத் தவிர வேறெதையும் காட்டாது, ஆகவே பென்டிரைவில் உபுண்டு லினக்ஸ் ஏற்றி அதில் பிரித்தேன். இதற்குள் இரண்டு முறை கரண்ட் போனது, அது இங்கே சகஜம்.

பிரித்து, ஃபார்மட் செய்து, ஃபைல்களைப் போட்டு, கார்டின் ஓரத்தில் இருக்கும் லாக்கைக் கீழே தள்ளி (பூட்டினால்தான் பூட் ஆகும், பெயர்ப் பொருத்தம் அப்படி) கேமராவை ஆன் செய்தால், சிஎச்டிகே ஏறாமல், கார்டு லாக் ஆகியிருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. அவ்வளவுதான். அன்று இரவு முழுக்க இதே கதை. மறுநாள் காலை டீ குடித்துக்கொண்டு, அடித்த கமாண்டுகளை மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தபோதுதான் பிடிபட்டது. இதிலிருந்து பூட் ஆகலாம் என்று கேமராவுக்குச் சொல்ல, பூட்டிஸ்க் (BOOTDISK) என்ற எட்டு ஆங்கில எழுத்தை ஃபேட்16 பார்டிஷனின் 64ஆவது பைட்டிலிருந்து எழுத வேண்டும். நான் பார்டிஷனில் எழுதாமல் முழுக் கார்டின் 64ஆவது பைட்டில் எழுதியிருக்கிறேன், லினக்ஸில் எஸ்டிபி என்றால் முழுக் கார்டு, எஸ்டிபி1 என்றால் அதன் முதல் பார்டிஷன்; எஸ்டிபி1 என்று அடிக்க வேண்டிய இடத்தில் அந்த 1 இல்லை. நல்ல வேளை, பார்டிஷன் பட்டியல் 446ஆவது பைட்டில்தான் தொடங்குகிறது, அதனால் கார்டு பிழைத்தது.

அந்த 1ஐச் சேர்த்து மறுபடி எழுதினேன். கார்டைப் போட்டு ஆன் செய்ததும் சிஎச்டிகே லோகோ வந்தது, படங்களும் பெரிய பார்டிஷனில் போய் விழுந்தன. லாக் போட்ட கார்டில் எப்படி எழுதுகிறது என்று கேட்காதீர்கள், அந்தப் பூட்டை சிஎச்டிகே மதிப்பதில்லை.

சாயங்காலம் மேகம் இறங்கியதும் கேமராவை வராண்டாச் சுவரில் வைத்து, மாற்றம் தெரிந்ததும் சொடுக்கும் சிஎச்டிகே ஸ்கிரிப்டை ஓட விட்டேன். குளிருக்குச் சாதா பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும் என்று சார்ஜ் செய்கிற ஜோடியைத்தான் போட்டிருந்தேன். எட்டு மணிக்குப் பார்த்தால் அறுபது படத்துக்கு மேல் இருந்தது. மின்னல் மூன்று, மீதியெல்லாம் எதிர் ரோட்டில் வளைந்து ஏறிய ஜீப்புகளின் ஹெட்லைட்.