மண்ணை நீக்கித் தெய்வங்களைக் காணுதல்: ரோமானிய வெண்கலக் காசுகளோடு இதுவரை

நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ரோமானிய வெண்கலக் காசுகள் சிலவற்றை மண் படிந்த நிலையிலேயே வாங்கி, பின்பக்கத்தில் நிற்கும் தெய்வம் யார் என்று கண்டறியும் வேலையில் ஈடுபட்டிருக்கிறேன். காசுகளைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை அவ்வப்போது மாற்றி, மண் இளகியபின் உருப்பெருக்கியின் கீழ் மூங்கில் குச்சியால் மெல்ல நீக்குகிறேன். புளி போட்டுத் தேய்த்தால் குத்துவிளக்கு போலப் பளபளக்கும் என்பது உண்மைதான். ஆனால் பல காசுகளில் உருவத்தின் நுட்பம் எஞ்சியிருப்பதே களிம்புப் படலத்தில்தான் என்பதால், அதைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தேய்ந்த காசில் தெய்வத்தின் முகம் கடுகளவுதான் இருக்கும். ஆகவே கைகளையும் தலையையும் காலடியையும்தான் முதலில் பார்க்கிறேன். தலையில் தானியம் அளக்கும் மரக்கால் போன்ற அணி, வலக்கையில் வட்டில், இடக்கையில் கனிகள் நிறைந்த வளக்கொம்பு என்றால், பேரரசர் டயோக்ளீஷியன் 294-ஆம் ஆண்டளவில் புகுத்திய, ஏறத்தாழ 10 கிராம் எடையுள்ள பெரிய காசுகளில் வரும் ரோமானிய மக்களின் காவல் தெய்வமான ஜீனியஸ். செங்கோல் ஏந்தி நிற்பவரின் காலடியில், அலகில் மாலை கவ்விய கழுகு இருந்தால் ஜூபிடர். பேரரசர் லிசினியஸின் கிழக்குப் பகுதிக் காசுகளில் இவரே மிகுதி.

இதுவரை தெளிந்தவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது, இன்றைய ஜெர்மனியிலுள்ள டிரியர் நகரில் அச்சான, பேரரசர் கான்ஸ்டன்டைனின் சூரியக் காசு. கைவிளக்கின் ஒளியைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பாய்ச்சியதும், தலையைச் சுற்றிய கதிர்கள் மயிரிழைக் கோடுகளாகவும், உயர்த்திய வலக்கையும், இடக்கையிலுள்ள உலக உருண்டையும், தோளில் கிடக்கும் மேலாடையும் ஒவ்வொன்றாகத் துலங்கின. சுற்றெழுத்து ‘சோலி இன்விக்டோ கோமிட்டி’, அதாவது ‘வெல்லப்படாத சூரியனுக்கு, துணைவனுக்கு’ என்கிறது. 312-ஆம் ஆண்டு மில்வியப் பாலப் போரில் கிறிஸ்துவின் அருளால் வென்றதாகப் போற்றப்படும் பேரரசரின் காசுகளில், அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் சூரியனே நின்றான் என்பதை வரலாற்று நூலில் படிப்பது வேறு, உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பது வேறு.

இன்னொரு காசில் இடக்கையின் வளக்கொம்பு மட்டுமே வெளிப்பட்டிருக்கிறது. வலக்கையும் உடையும் இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன. வட்டில் தெரிந்தால் ஜீனியஸ், தராசு தெரிந்தால் நாணயச் சாலையின் தெய்வமான மொனேட்டா. மண் இறுகியிருப்பதால், அதை மீண்டும் ஊறவைத்திருக்கிறேன்.