குவிமாடம் இல்லாத பள்ளிவாசல்

டாக்காவின் வடபகுதியில், கட்டடக் கலைஞர் மரினா தபஸ்ஸும் வடிவமைத்து 2012-இல் நிறைவுற்ற பைத்துர் ரவூஃப் பள்ளிவாசலில் குவிமாடமும் இல்லை, மினாராவும் இல்லை. அவருடைய பாட்டி தானமாகத் தந்த நிலத்தில், பெரும்பாலும் மக்களின் நன்கொடையாலேயே அது எழுந்தது.

மனையின் அமைப்பு, தொழுகையில் முகம் நோக்கும் மக்காவின் திசையான கிப்லாவோடு ஒத்துப்போகாமல் 13 பாகை விலகியிருந்ததால், வெளியே ஒரு சதுரம், அதற்குள் ஒரு வட்டம், அந்த வட்டத்திற்குள் கிப்லாவை நோக்கித் திருப்பி வைக்கப்பட்ட இன்னொரு சதுரம் என்று அவர் அமைத்த தீர்வு, என் பார்வையில், கட்டடம் முழுவதற்கும் உயிர்நாடி. வட்டமும் சதுரமும் விலகும் இடைவெளிகள் வானம் நோக்கித் திறந்த முற்றங்களாகி, தொழுகைக் கூடத்திற்கு வெளிச்சத்தையும் காற்றையும் தருகின்றன. கூரையில் ஒழுங்கின்றிச் சிதறிய சிறு வட்டத் துளைகளின் வழியே விழும் ஒளி, நேரத்திற்கேற்பத் தரையில் இடம் மாறுகிறது. கிப்லா சுவரில், அத்திசையைக் காட்டும் அலங்கார மாடமான மிஹ்ராபுக்குப் பதில் ஒரு செங்குத்துப் பிளவு மட்டுமே உண்டு. தெருவில் நடப்போர் தொழுபவரின் கவனத்தைச் சிதறடிக்காதபடி அதுவும் கோணமாக வைக்கப்பட்டிருக்கிறது.

சுவர்களெங்கும் பூசப்படாத செங்கல். வங்காள சுல்தான்கள் காலத்துப் பள்ளிவாசல்களும் செங்கல்லால் ஆனவையே. 2016-இல் இதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.